சாமிக்கு விட்ட செடி

செடிக்கு நோய் என்று கேள்விப்பட்டு யாராவது கடல் தாண்டிப் போவார்களா? நான் போனேன். இலங்கையில் இருக்கும் என் அக்கா, ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "தம்பி செடி படிச்சவன்தானே, ஒரு நடை வந்து பாக்கச் சொல்லுங்க. இவருக்கு வேலை போயிரும் போல இருக்கு." திருச்சியில் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியன். செம்பருத்திப் பூவை நீளவாக்கில் அறுத்துக் காட்டுவேன். பரிணாமம் என்று பாடம் வந்தால் 'தகுதியானதே பிழைக்கும்' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். பையன்கள் அதை அப்படியே பரீட்சையில் எழுதுவார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போடுவேன். இதில் இரு தரப்புக்கும் சிரமம் இல்லை.

தேயிலைச் செடியை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வீட்டில் ஒருவன் படித்துத் தொலைத்துவிட்டால் கிணற்று மோட்டார் முதல் கல்யாணப் பொருத்தம் வரை அவனுக்குத் தெரியும் என்பது நம் குடும்பங்களின் அசையாத நம்பிக்கை. அம்மா மூட்டை கட்டிவிட்டாள். முறுக்கு, புளிக்காய்ச்சல், மாவடு. நோயாளிச் செடிக்கு இவற்றில் எது ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அத்தான் அருணாசலம் றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கண்டாக்கு. அதாவது துரைக்குக் கீழே, தொழிலாளிகளுக்கு மேலே, இரண்டு பக்கத் திட்டும் சமமாக வந்து விழ வசதியான இடத்தில் இருக்கும் வெளிவேலை அதிகாரி. அவர்கள் குடியிருந்த வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். பிறந்தது முதல் அந்த மலையிலேயே இருந்தவரை அந்த நாட்டுச் சட்டம் இந்தியர் என்றது. இந்தியாவில் அவருக்கு இருந்த ஒரே சொத்து மாமியார் வீடு. அங்கே போய் உட்காருவதைவிட மலையிலிருந்து உருண்டுவிடலாம் என்பது அவர் கருத்து. எங்கள் அம்மாவைத் தெரிந்தவன் என்ற முறையில் நான் அதை மறுக்கவில்லை.

கப்பலில் நான் பட்ட பாட்டை எழுதினால் படிப்பவர்களுக்கும் வயிற்றைப் புரட்டும். நேராக மலை ரயிலுக்கு வந்துவிடுகிறேன். பின் இருக்கையில் இரண்டு கனவான்கள் சிங்களத்தில் சூடாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்தில் இருந்த புடவைக்கடைக்காரர் எனக்காகத் தணிந்த குரலில் மொழிபெயர்த்தார். "தோட்டத்து ஆளுங்களையெல்லாம் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிரணும்ங்கறாரு ஒருத்தர். சரி, அப்ப கொழுந்து யார் பறிக்கிறது, உன் பொண்டாட்டியானு கேக்கறாரு மத்தவர்."

புடவைக்கடைக்காரர் நாவலப்பிட்டியில் இறங்கிப் போனார். அதன் பிறகு ஜன்னல் வழியே வந்த குளிர்ந்த காற்று, திருச்சி வெயிலில் முப்பது வருஷம் வெந்த ஒரு உடம்புக்கு என்ன செய்யுமோ அதைச் செய்தது. கண் விழித்தபோது நானுஓயா ஸ்டேஷன். றொசல்லையும் ஹட்டனும் நான் குறட்டை விட்ட நேரத்தில் மரியாதையாக ஒதுங்கிப் போயிருந்தன. வந்த வழியே திரும்ப அன்றைக்கு ரயில் இல்லை என்று ஸ்டேஷன்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

ராகலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகும் லாரி ஒன்று எனக்கு இடம் கொடுத்தது. டிரைவர் பியதாச சிங்களவர். தமிழ் பேசுவார். அவர் பேசியது தமிழ்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச தூரம் பிடித்தது. முட்டைக்கோஸ் மூட்டைக்கும் அவருக்கும் நடுவில் என்னைச் செருகினார்.

என்னை மாத்தயா என்றார், ஐயா என்று அர்த்தமாம். "மாத்தயா, ராகலைப் பக்கம் இப்ப வெயில். நல்ல வெயில். ஹட்டன் தாண்டினா பாருங்க, வானம் ஓட்டை."

நான் நம்பவில்லை. ஒரே நாடு, ஒரே மலை, ஒரே மாதம். ஹட்டனில் ஒரு கடையில் நிறுத்தி ரொட்டியும் சம்பலும் தின்றோம். சம்பலில் மிளகாய் இருந்தது என்று சொல்வது போதாது. மிளகாயில் கொஞ்சம் தேங்காய் இருந்தது. தேத்தண்ணிக்குச் சர்க்கரை போட்டுத் தர மாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்து, கடித்துக்கொண்டு குடி என்பார்கள். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் ஊரில் அந்தத் தேத்தண்ணி மரத்தூளில் காய்ச்சியதுபோல இருந்தது. நல்லது கப்பலேறிவிடும், சலித்த தூசுதான் இங்கே நிற்கும் என்றார் பியதாச. ஹட்டனைத் தாண்டி வளைவு திரும்பியதும் மழை வந்து முகத்தில் அறைந்தது. அங்கிருந்து நான் ஊர் திரும்பும் நாள் வரை அது நிற்கவில்லை.

நனைந்த கோழியாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் எதிர்ப்பட்ட அக்காவைப் பார்த்துத் திகைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அவள்தான் எதற்கும் ஆகாத பிள்ளை. சித்திரை பிறந்தால் உடம்பெல்லாம் கொப்புளம். வெயிலில் நாலு தப்படி நடந்தால் மயக்கம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, பெண்ணுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் இலங்கையிலிருந்து ஒரு வரன் வந்தபோது, தூரம் அதிகமாயிற்றே என்று யாரும் கவலைப்படவில்லை. அந்த அக்கா இப்போது கன்னம் உப்பி, மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்து விறகுக்கட்டோடு இறங்கி வந்திருக்கிறாள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த நான், எங்கள் வீட்டின் இரும்புத் தூண், வாசலில் நின்று வரிசையாகப் பதினோரு தும்மல் போட்டேன்.

"உள்ள வாடா, இன்னும் மழையே ஆரம்பிக்கல" என்றாள்.

மறுநாள் விடிவதற்கு முன் அத்தான் என்னைப் பெரட்டுக் களத்துக்கு இழுத்துப் போனார். பெரட்டு என்றால் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது. லயங்கள் என்ற தொழிலாளர் வீட்டு வரிசைகளிலிருந்து கம்பளியும் சாக்குமாக ஜனம் இறங்கி வந்து நின்றது. "இவருதான் எங்க மாப்ள. இந்தியாவிலேருந்து வந்திருக்காரு. செடி டாக்டர்" என்று அத்தான் அறிவித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு தும்மல் போட்டேன். "மொதல்ல டாக்டரையாவுக்குக் கசாயம் குடுங்க" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். களமே சிரித்தது.

பிறகு நாற்றுமேடை. பெரணித் தழை வேய்ந்த தாழ்வான பந்தலின் கீழே, மண் நிரப்பிய பைகளில் வரிசை வரிசையாகத் தேயிலைக் கன்றுகள். விதை போட்டு முளைத்தவை அல்ல. ராகலையில் துரையின் நண்பர் தோட்டத்தில் ஒரு மகத்தான தேயிலைச் செடி இருக்கிறதாம். மற்ற செடிகள் வெட்கப்படும்படி கொழுந்து கொடுக்குமாம். அதன் கிளையை ஓர் இலையும் ஒரு விரல் தண்டுமாக நறுக்கி, பையில் குத்தி வேர்விட வைத்தால், அத்தனையும் அந்த ஒரே செடிதான். அண்ணன் தம்பிகூட இல்லை. ஒரே ஆளை ஆயிரம் நாற்காலியில் உட்கார வைத்ததுபோல.

இப்போது அந்த ஒரே ஆளுக்கு ஒரே நோய். இளம் இலையெல்லாம் வட்ட வட்டமாகக் கொப்புளம். மேலே குழிந்து, கீழே வெள்ளையாக உப்பி, பிறகு கருகி விழுந்தது. நீல மருந்து அடித்தார்கள். காலையில் அடித்ததை மத்தியானம் மழை கழுவிவிட்டுப் போனது. நான் ஒரு கன்றைக் கையில் எடுத்துப் படித்தவன் மாதிரி திருப்பிப் பார்த்தேன். அடுத்ததை எடுத்தேன். அதுவும் அதே முகம், அதே கொப்புளம். வகுப்பில் ஒருவன் பரீட்சைத் தாளைப் பார்த்து எல்லோரும் எழுதினால் எல்லோரும் ஒரே கேள்வியில்தான் தப்பு விடுவார்கள்.

அப்போது பெரிய துரை வந்தார். கூடவே நாய். நீள உடம்பு, இல்லாத கால். ஏழு தலைமுறைக்கு அதன் ஜாதி சுத்தம் என்று அத்தான் பயபக்தியோடு காதில் ஓதினார். அந்தச் சுத்தம் நாலு அடி நடந்து, உட்கார்ந்து, மூச்சிரைத்தது. எதிரே லயத்து நாய்கள், ஒன்று போல் ஒன்று இல்லாத கும்பல், மேட்டில் ஏறிக் குரைத்துவிட்டு ஓடின.

துரை தமிழ் பேசினார். தோட்டத்துத் துரைகள் தமிழ் கற்றது வேலை வாங்க. அதனால் அவர்கள் தமிழில் 'வாங்க', 'போங்க' எல்லாம் கிடையாது. "நீ செடி டாக்டர்? நல்லது. இந்த அருணாசலம் என் செடி கொல்றான். ராகலையிலே செடி நல்லா நிக்குது. இங்கே சாவுது. ஏன்? ஆள் சரியில்லே." பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "இந்த மாசம் முடிய செடி நிக்கணும். பன்னண்டாம் நம்பர் மலை பழசு எல்லாம் பிடுங்கி, இதை நடணும். நிக்கல்லே, வேற கண்டாக்கு வருவான்."

அத்தான் தலையை ஆட்டினார். அவர் காதோரம் மழைத்தண்ணி வழிந்தது. அன்று மத்தியானம் அவர் சோறு இறங்காமல் எழுந்துவிட்டார். அக்கா அவர் தட்டை எடுத்து மூடி வைத்தாள். அடுப்பங்கரையை ஒரு சுற்றுப் பார்த்தாள். எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்று அவள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அந்தப் பன்னிரண்டாம் நம்பர் மலையைப் பார்க்கப் போனேன். துரைக்கு எரிச்சலூட்டும் மலை என்று பேர். செடிகள் ஒரு சீராக இல்லை, கொழுந்து கலப்படம் என்று ஃபாக்டரியிலிருந்து தினம் புகார். வழி முழுக்க அட்டை. இலங்கையில் எனக்கு உளமார்ந்த வரவேற்பு கொடுத்தவை அவைதான். காலைவிட்டு நகர மறுத்தன. அத்தானோடு கவ்வாத்துக் கங்காணி கருப்பையாவும் கூட வந்தார். கவ்வாத்து என்றால் செடிகளைக் கத்தியால் மட்டம் தட்டி வெட்டுவது. ஆளும் குரலும் பெரியவை. மழையோடு போட்டி போட்டுப் பேசுவார்.

மலையின் நடுவே ஒரு மரம். கீழே கல், சூலம், மஞ்சள், அடிமரத்தில் நனைந்த சிவப்புத் துணி. கிட்டே போய்ப் பார்த்தால் அது தேயிலை! இடுப்பளவில் வெட்டி வெட்டி வைப்பதால்தான் அதைச் செடி என்கிறோம். விட்டால் மரம்.

"கவ்வாத்துச் சாமிங்க" என்றார் கருப்பையா. "கத்தி வைக்கிறதுக்கு முந்தி பூசை போட்டு, ஒரு செடிய மட்டும் வெட்டாம சாமிக்குன்னு விட்டுருவோம். அதுல கொழுந்தும் எடுக்க மாட்டோம். எங்கப்பா காலத்துல விட்டதுங்க இது."

"நல்ல செடியாகப் பார்த்து விட்டாரா?"

கருப்பையா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நல்ல செடிய யாராச்சும் விடுவாங்களா டாக்டரையா? அதுல கொழுந்து எடுத்தாத்தானே அன்னிக்குக் கூலிக்குப் பேரு போடுவாங்க. இது சனியன் புடிச்ச செடிங்க. எல தோலு மாதிரி இருக்கும். கொழுந்து சட்டுன்னு வராது. கத்தி எறங்காது. பொம்பளையாளுங்க திட்டிக்கிட்டே இருப்பாங்க. சரி, சாமி என்ன நிறுத்தா பாக்கப் போகுதுன்னு தள்ளி விட்டுட்டாங்க."

சிரித்துவிட்டேன். ஊரில் நாம் சாமிக்கு இருப்பதிலேயே சின்னத் தேங்காயாகப் பார்த்து உடைப்பதில்லையா? ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. மரத்தடியில் தேயிலைக் காய்கள் கொட்டிக் கிடந்தன. மலையில் மற்ற எந்தச் செடியையும் பூத்துக் காய்க்க விடுவதில்லை. எல்லாவற்றையும் பறித்து, வெட்டி, குட்டையாக வைத்திருக்கிறார்கள். அத்தனை திறமைசாலிச் செடிகளுக்கும் பிள்ளை இல்லை. வேலைக்கு ஆகாத இந்த ஒன்றுக்கு மட்டும் பிள்ளைகள்.

"இந்தக் காயெல்லாம் என்ன ஆகும்?"

"மழைத்தண்ணியில உருண்டு போயி அங்கங்க மொளைக்குங்க. நாங்களும் குத்திவிடுவோம். செத்த செடிக்குப் பதிலு நடுன்னு துரை சொல்வாரு. நர்சரிக்கு ஏறி எறங்க யாருக்குங்க முடியுது? இங்க பொறுக்கி அங்க குத்திட்டு, நட்டாச்சுன்னு சொல்லிருவோம்."

அதற்குப் பிறகுதான் நான் அந்த மலையைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒன்றுக்கு அகல இலை. ஒன்றுக்குச் சின்ன இலை. ஒன்றின் தளிர் சிவப்பு. ஒன்றுக்கு இலையடியில் மெல்லிய ரோமம். தாய் ஒன்று, தகப்பன் அடுத்தடுத்த மலைகளில் விட்ட ஏதோ சாமிச் செடி, வண்டு கொண்டு வந்த மகரந்தம். ஒவ்வொரு விதையிலும் தாயும் தகப்பனும் புதிதாகக் குலுக்கிப் போட்டிருந்தார்கள். கொப்புளம்? ஓடைப் பக்கம் சில செடிகளில் அப்பிக் கிடந்தது. சிலவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். பலவற்றில், நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும், ஒன்றுகூட இல்லை. கீழே நாற்றுமேடை முழுக்கக் கருகிக் கிடந்த அதே மழையில்.

"சாமி காவல்" என்றார் கருப்பையா. அத்தானுக்கு வேறு எண்ணம். "நனைஞ்சு நனைஞ்சு பழகிருச்சா மாப்ள? ஒடம்ப மாத்திக்கிச்சா?"

"எந்தச் செடியும் எதையும் மாத்திக்கல அத்தான். பழகிக்கவும் இல்ல. பொறக்கறப்பவே ஒவ்வொண்ணும் ஒரு மாதிரியாப் பொறந்திருக்கு. இந்த நோய் இந்த நாட்டுக்கு வந்து பத்துப் பன்னண்டு வருஷம்தான்னு நீங்கதானே சொன்னீங்க. அதுக்கு முன்னாடி தோல் இலை இருந்தாலும் ஒண்ணுதான், பஞ்சு இலை இருந்தாலும் ஒண்ணுதான். நோய் வந்ததும் கவ்வாத்து பண்ணின செடியில துளிர் விட விட மழை பொறுக்கி எடுக்க ஆரம்பிச்சிருச்சு. தாங்காதது செத்துச்சு. அந்தக் குழியில கருப்பையா ஆளுங்க சாமி காயக் குத்தினாங்க. அதுலயும் தாங்காதது செத்துச்சு. மிச்சம் நிக்கறது இது."

"அப்ப ராகலைச் செடி?"

"ராகலை வெயிலுக்கு அது ராஜா. இங்க அதுக்கு வேலை இல்ல. ஆள் சரியில்லாம சாகல அத்தான். இடம் மாறினதுல சாகுது."

அத்தான் அந்த இடத்திலேயே கல்லின் மேல் உட்கார்ந்தார். சாமி கல் என்று கவனித்து உடனே எழுந்தார். நாற்று செத்தது தன் கையால் அல்ல என்று அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மழை என்றார்.

மறுநாள் துரை பங்களாவில் எனக்கு நாற்காலி கிடைத்தது. அத்தான் வராந்தாவில் நின்றார். நான் இங்கிலீஷில் விளக்கினேன். பன்னிரண்டாம் மலையைப் பிடுங்க வேண்டாம், அதில் நோய் தாங்கும் பல செடிகளிலிருந்தும் நறுக்கு எடுத்துக் கலந்து நடுங்கள் என்றேன். இந்த மலையெல்லாம் ஒரு காலத்தில் காப்பி, இலையில் துரு மாதிரி ஒரு நோய் வந்து மொத்தமும் அழிந்ததே, ஏறக்குறைய ஒரே மாதிரிச் செடியாக நின்றதுதானே வினை என்றேன். துரையின் பாட்டனார் அந்தக் காப்பியில்தான் கையைச் சுட்டுக்கொண்டவராம். துரை நாயின் காதைத் தடவினார். நாய் மூச்சிரைத்தது.

"மிக நல்ல விளக்கம்" என்றார். தமிழில் சொன்னால் அதன் சாரம் இது: "ராகலைச் செடி இந்த இடத்துக்குச் சரியில்லை. ஒப்புக்கொள்கிறேன். உன் மலையில் எது எல்லாவற்றிலும் சிறந்தது? அந்த ஒன்றைக் காட்டு. அதை வைத்தே மலை முழுக்க நட்டுவிடலாம்."

"ஒன்று கூடாது என்றுதானே இவ்வளவு நேரம்..."

"ஒன்று" என்றார். "அருணாசலத்துக்கு அடுத்த மழை வரை தவணை. கெட்டிக்காரன், உன்னைக் கூப்பிட்டிருக்கிறான்."

நான் வாயைத் திறந்தேன். வராந்தாவில் அத்தான் முகத்தைப் பார்த்தேன். கும்பிடாத குறை. அடுத்த மழை வரை வீடு உண்டு, அடுப்பு உண்டு. வாயை மூடிக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாயைக்கூட உதைத்திருப்பேன், அதற்குக் கால் இருந்து ஓட முடியுமானால். மத்தியானம் மலைக்குப் போய், கொழுந்தும் கொடுத்து நோயும் தாங்கிய ஒரு செடியைக் காட்டினேன். துரை கைகுலுக்கினார். அக்கா அன்று பாயசம் வைத்தாள். எனக்கு இனிக்கவில்லை.

மலையைப் பிடுங்க ஆள் பிரித்த அன்று பெரட்டில் கருப்பையா முன்னால் வந்தார். பின்னால் அவர் ஆட்கள். யார் கையிலும் மண்வெட்டி இல்லை.

"கண்டாக்கையா, பிடுங்கச் சொன்னா பிடுங்கறோம். சாமி செடியும் போகுது. சரி. புது மலையில சாமிக்கு வேற செடி விடணும்ல?"

"விடு. யார் வேணாங்கறா?"

"எதைங்க விடுறது? எல்லாம் ஒரே செடியாமே. எல்லாம் நல்லாக் கொழுந்து குடுக்குமாமே. எங்களுக்கு ஆகாததத்தான் நாங்க சாமிக்கு விட்டுப் பழக்கம். அதுல ஆகாத செடியே இல்லைன்னா சாமிக்கு எதைக் குடுக்கிறது? பதிலச் சொல்லுங்க, மண்வெட்டிய எடுக்கறோம்."

கேலி இல்லை. மனிதர் நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். நான் இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியும் எனக்கே விளங்காதது அந்தக் கேள்வியில் இருந்தது. பொறுக்கி எடுப்பதற்கு வேறு வேறாக ஏதாவது இருந்தால்தானே மழையும் பொறுக்கி எடுக்கும்?

அத்தானுக்கு அது விளங்கியதோ, அல்லது ஆள் இறங்காவிட்டால் இன்றைக்கே வேலை போகும் என்பது விளங்கியதோ, எனக்குத் தெரியாது. துரையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் மனிதர் அன்று விறுவிறுவென்று பங்களாவுக்கு ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

"துரை, ஆளுங்க பிடுங்க மாட்டாங்களாம். சாமிக்கு இடம் விடணும்."

"அந்த மரம்தானே? விடு."

"மரம் மட்டும் போதாதுங்க துரை. சாமிக்குக் குடும்பம் இருக்கு."

துரை சிரித்தார். நம் சாமிகளின் விஷயத்தில் அவர்களுக்கு எதையும் நம்பலாம் என்ற தாராள மனசு உண்டு. "எத்தனை பிள்ளை?"

"எண்ணலைங்க."

துரை இன்னும் பலமாகச் சிரித்தார். ஓடைப் பக்கத்துச் செங்குத்து மூலை எப்படியும் வரிசை பிடித்து நடத் தோதில்லாத இடம். அதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா தன் பழைய சிவப்புச் சேலையைக் கீறிக் கொடுத்தாள். அவளும் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மூலையில் நின்றவை போக, மேலே மரத்தடியிலிருந்து விதவிதமான கன்றுகளை வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்து கருப்பையா ஆட்கள் நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அத்தான் துணி கட்டிக்கொண்டே போனார். அகல இலை, சின்ன இலை, சிவப்புத் தளிர். ஒரு செடியருகே வந்து நின்றார். உடம்பெல்லாம் கொப்புளம், இலையெல்லாம் ஓட்டை.

"இது வேணாம் அத்தான்" என்றேன். "இது எதுக்கும் ஆகாது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரித்த முகம்தான். "என்னையும் அப்பிடிச் சொல்லித்தானடா இங்க அனுப்பி வெச்சீங்க" என்றாள். பிறகு அவரிடம், "கட்டுங்க இதுக்கும்."

மழை பெய்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. அத்தான் கட்டினார்.

றொசல்லை ஸ்டேஷனில் அத்தான் என் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு ஜன்னலருகே நின்றார். "மாப்ள, துரை செடி அடுத்த நோய்ல போச்சுன்னா அந்த மூலைதான எனக்கு? அதுல எது தேறும்னு ஒங்க படிப்பு சொல்லுது?"

"அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சாத்தானே அத்தான் எது தேறும்னு சொல்றதுக்கு. தெரியாது. அதனாலதான் அக்கா எல்லாத்துக்கும் துணி கட்டச் சொன்னது."

"அப்ப நம்ம வீடு நிக்கறது ஆகாத செடிங்கள நம்பி" என்றார். கொஞ்சம் யோசித்து, "துரைய நம்பறதுக்கு இது தேவலை" என்று சிரித்தார். நான் அங்கே போன நாளிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். ரயில் நகர்ந்தது. இந்த முறை நான் தூங்கவில்லை.

அந்த வருஷப் பரீட்சைத் தாள்கள் வழக்கம்போல் வந்தன. 'தகுதியானதே பிழைக்கும்' என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒன்றுபோல, என் அடிக்கோடு உட்பட. மதிப்பெண் போடக் கை போயிற்று. போடவில்லை. சிவப்பு மையை எடுத்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எழுதினேன்: "எந்த மழையில்?"